உள்ளறையா, பால்கனி அறையா?

நாகர்கோவிலில் ரயிலேறி, கொச்சியிலோ சென்னையிலோ சொகுசுக் கப்பல் ஏற நினைக்கும் குடும்பங்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, ஜன்னலே இல்லாத உள்ளறையா, கடலைப் பார்த்த பால்கனி அறையா என்பதைத்தான்.

உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டால் நண்பகலும் நள்ளிரவாகிவிடும். ஆனால் கட்டணம் குறைவு. பொதுவாக முதன்மை உணவகமும் பஃபேயும் இரு அறையினருக்கும் ஒன்றே என்பதால், கூடுதல் பணம் கூடுதல் சாப்பாட்டைத் தருவதில்லை. விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனாலே தலைசுற்றும் பெரியவர்களுக்கு, ஆட்டம் குறைவாக உள்ள கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் அறை கேட்டு வாங்குவது நல்லது.

பால்கனி அறையின் அருமை விடியற்காலையில்தான் தெரியும். உப்புப் படிந்த கைப்பிடியைப் பற்றியபடி, கரையே கண்ணில் படாத கடலில் கதிரவன் எழுவதைப் பார்ப்பது, முட்டத்துப் பாறையில் நின்று கடல் பார்த்து வளர்ந்த நமக்கும் புதிய அனுபவமே. தொடுவானத்தைப் பார்த்திருந்தால் குமட்டலும் ஓரளவு தணியும்.

இரவெல்லாம் காசினோவில் கழிப்பவருக்கு உள்ளறையே போதும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது காசினோ பெரும்பாலும் மூடியிருக்கும். கடலுக்குள் சென்ற பிறகே திறக்கும். எண்கள் எழுதிய சக்கரத்தில் பந்தை உருட்டி, அது எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் ரூலெட். ஒரே பூஜ்யமுள்ள சக்கரத்தில் 37 எண்கள். பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 2.70 ரூபாய் இழப்பு. இரண்டு பூஜ்யங்கள் இருந்தால் அது 5.26 ரூபாய். அந்த மேசைக்கு ஒதுக்கும் தொகையைப் பால்கனிக்குக் கொடுப்பதையே நான் விரும்புவேன்.