முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள்: இரண்டு குழந்தைகளோடு மும்பை – கோவா கப்பல் சாப்பாடு

இரவு 9 மணி 10 நிமிடத்துக்கு என் மகள் சாப்பாட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். அவள் முன்னால் சூப் கிண்ணம் மட்டும்தான் இருந்தது. அதுவும் மிளகு தூக்கலான சூப். பையன் உயர நாற்காலியில் நின்றுகொண்டு, பக்கத்து மேசைக்குப் போகும் தட்டுகளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பும் கப்பலில் எங்கள் முதல் ராத்திரி இது.

நாங்கள் மும்பைச் செம்பூர்வாசிகள். மகளுக்கு 5 வயது, பையனுக்கு 19 மாதம். கணவர், மாமியார், நான் என்று ஐந்து பேர். மூன்று இரவுப் பயணம். கப்பலைப் பற்றியும் அறையைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கப்பலில் எப்படிச் சோறு ஊட்டுவது என்று கிளம்புவதற்கு முன் நான் தேடியபோது தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பந்தி விஷயம். இந்த மாதிரிக் கப்பல்களில் பெரிய சாப்பாட்டுக்கூடம் ஒன்று இருக்கும். எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் உட்கார அதில் இடம் போதாது. அதனால் ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு பந்தியாகப் போடுகிறார்கள். எங்கள் கப்பலில் முதல் பந்தி 6:30, இரண்டாம் பந்தி 8:45. நம் கல்யாண வீடுகளில் குழந்தைகளையும் வயதானவர்களையும் முதல் பந்தியிலேயே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் இல்லையா, இங்கே அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. டிக்கெட் போடும்போது நாம்தான் கேட்கவேண்டும். எங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறைக்கதவில் செருகியிருந்த அட்டையைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு இரண்டாம் பந்தி என்று தெரிந்தது.

நேரம் மட்டும் பிரச்சினை இல்லை. இங்கே சாப்பாடு படிப்படியாக வரும். சூப், அப்புறம் சாலட், அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. மேசையில் எல்லாரும் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது வரும். பெரியவர்களுக்கு இது சுகம். 7 மணிக்குச் சாப்பிட்டு 8:30 மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தைக்கு இது பெரிய கஷ்டம். முக்கிய உணவு வந்தபோது மணி 9:40. மாமியார் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். அவர் தட்டு அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் காலை 8 மணிக்கு நான் சாப்பாட்டுக்கூடத்தின் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதல் பந்தியில் ஒரு மேசை இருக்கிறது, ஆனால் நடுவில், ஜன்னல் கிடையாது, பரவாயில்லையா என்றார். பந்தி மாற்றுவதாக இருந்தால் கப்பல் ஏறிய அன்று மதியமே வந்து சொல்லியிருக்க வேண்டும், நிறையக் குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன என்றும் சொன்னார். எனக்கு அது தெரியவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்: மும்பைக் கப்பல்துறையான பாலார்ட் பியரில் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கப்பலில் ஏறியதும், நீச்சல் குளத்தைப் பார்க்க மேலே ஓடாமல் நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து கதை வேறு. எங்கள் மேசைக்குப் பரிமாற வந்தவர் ஒரு மணிப்பூர்க்காரத் தம்பி. நாங்கள் உட்காருவதற்கு முன்பே பையனின் நாற்காலியின் பட்டையை இழுத்துப் பார்த்தார். அது சரியாகப் பூட்டவில்லை, உடனே வேறு நாற்காலி கொண்டுவந்தார். அடுத்த 3 நிமிடத்தில் வில்லைவில்லையாக நறுக்கிய வாழைப்பழமும் ஒரு கிண்ணம் தயிரும் ரொட்டித் துண்டும் மேசைக்கு வந்தன. பட்டியலைக் கையில் கொடுத்ததே அதற்குப் பிறகுதான்.

குழந்தைகளோடு போகும் ஹோட்டலை நான் இந்த ஒன்றை வைத்துத்தான் எடைபோடுவேன்: உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் குழந்தையின் கைக்குச் சாப்பிட ஏதாவது வருகிறது? மும்பையில் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்குள்ள டிபன் கடைகளான கஃபே மெட்ராஸ் வாசலிலும் ராம் ஆஷ்ரய வாசலிலும் நின்று காத்திருக்கவேண்டும், உண்மைதான். ஆனால் உட்கார்ந்துவிட்டால் இட்லி வரத் தாமதமே கிடையாது. பிள்ளை அழ ஆரம்பிப்பதற்குள் வாயில் ஒரு விள்ளல் போய்விடும். நட்சத்திர ஹோட்டல்களில் கிடைக்காத இந்த வேகம் கப்பலில் எனக்கு அந்தத் தம்பியால் கிடைத்தது.

அடுத்தது சாதம். பட்டியலில் சாதம் உண்டு, ஆனால் நீள அரிசி, விரலில் ஒட்டாமல் உதிரியாக இருக்கும். பையனுக்கு நான்கே பல்தான் சரியாக மெல்லும். குழைந்த சாதம் வேண்டும் என்பதை நான் மும்பை இந்தியில், "நரம் சாவல், ஏக்தம் நரம், கிச்சடி ஜைசா" என்று கையால் பிசைந்து காட்டினேன். அவர் உள்ளே போய்ச் சொன்னார். இரண்டாம் நாள் வந்தது பாதி குழைவு. மூன்றாம் நாள் வந்தது அசல் பருப்பு சாதப் பதம், மேலே ஒரு ஸ்பூன் நெய்யோடு. சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சொல்லிவைத்தால் சமையலறைக்கு வசதி என்றார். அதன்பிறகு காலையிலேயே ராத்திரிக்கும் சொல்லிவிடுவேன். தயிர் மட்டும் கவனம், கோப்பையில் வருவது பெரும்பாலும் இனிப்புத் தயிர். 'சாதா தஹி' என்று அழுத்திக் கேட்கவேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். சமைத்த உணவைக் கப்பலில் ஏற்றவிட மாட்டார்கள். என் எலுமிச்சை சாத டப்பா துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. அறைக்குள் கெட்டிலோ ரைஸ் குக்கரோ கொண்டுபோகவும் அனுமதி இல்லை. தீப்பிடிப்பதுதான் கப்பலில் மிகப் பெரிய பயம். கப்பல் சமையலறையில்கூட எரிவாயு அடுப்பு கிடையாது, எல்லாமே மின்சாரத்தில்தான். நம் வீட்டில் அடுப்புத் தீயில் உப்புகிற ஃபுல்கா அங்கே ஏன் தட்டையாக வருகிறது என்று என் மாமியார் கேட்டபோதுதான் அந்தத் தம்பி இதைச் சொன்னார். தோசை தட்டைக்கல்லில் வார்ப்பது என்பதால் அதற்குக் குறைவில்லை, நன்றாகவே முறுகியிருந்தது. சீல் உடைக்காத பாக்கெட்டுகளுக்குத் தடை இல்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய பருப்புப்பொடிப் பாக்கெட்டும் பையனின் சத்துமாவுப் பாக்கெட்டும் சோதனையில் அப்படியே கடந்துவிட்டன. அந்தப் பருப்புப்பொடி பெண்ணுக்கு இரண்டு வேளை கைகொடுத்தது.

மாமியாருக்கு எலுமிச்சை சாதம் போனதில் ரொம்ப வருத்தம். 1979-இல் கல்யாணமான புதிதில் அவரும் மாமாவும் மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து கோவாவுக்கு ஸ்டீமரில் போனார்களாம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, தூக்குப்பாத்திரத்தில் புளியோதரை வைத்துக்கொண்டு, மறுநாள் காலை பணஜியில் இறங்கினார்களாம். "அந்தக் கப்பல்ல எல்லாரும் எல்லாருக்கும் கொடுத்துச் சாப்பிட்டோம்டி" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்த ஸ்டீமர் போக்குவரத்து நின்று பல வருஷமாகிறது. சீருடைக்காரர் ஒருவர் தன் மடியில் நாப்கினை விரித்துவிடும் கப்பலில் அவருக்குக் கடைசிவரை கூச்சம் போகவில்லை.

மேல்தளத்தில் பஃபே. காலையும் மதியமும் நாங்கள் அங்கேதான் சாப்பிட்டோம், வேளை பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மும்பையிலிருந்து போகும் கப்பல் என்பதால் குஜராத்திக் குடும்பங்கள் நிறைய, ஜெயின் சாப்பாட்டுக்குத் தனி வரிசையே இருந்தது. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காத அந்த வரிசையில் காரம் அடங்கிய பாசிப்பருப்பு ஒன்று தினமும் இருந்தது. பையன் அதை ஆசையாகச் சாப்பிட்டான். சைவமோ அசைவமோ, சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

பஃபேயில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்கவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் அடிப்படை. ஆனால் நீச்சல் குளத்துப் பக்கம் வைத்திருந்த நறுக்கிய தர்பூசணிக்கு அடியில் மதியம் 2 மணிக்கு ஐஸ் முழுக்க உருகியிருந்தது. நான் சொன்னதும் எடுத்துவிட்டார்கள், ஆனால் சொல்லவேண்டியிருந்தது. குழந்தைக்கு முழுப் பழம் எடுத்து நீங்களே உரித்துக் கொடுங்கள். திராட்சையை மட்டும் நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்கவேண்டும். முழுத் திராட்சை சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா பேரனுக்கு முழுசு முழுசாக ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, போய்ச் சொல்லிவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஃபே வாசலில் எல்லார் கையிலும் சானிடைசர் தெளிக்கிறார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்குச் சரியாக அடங்காது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். லிஃப்ட் பட்டனைத் தொட்ட கையோடு குழந்தைகள் நேராகப் பூரியை எடுப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு வேளைக்கும் முன் அறைக்குப் போய்க் கை கழுவிவிட்டுத்தான் போனோம். தினமும் மூன்று தடவை ஏழு மாடி ஏறி இறங்குவது அலுப்புதான், ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை.

தலைசுற்றல் வேறு விஷயம். இரண்டாம் ராத்திரி காற்று கொஞ்சம் அதிகம். சாப்பாட்டுக்கூடம் கப்பலின் பின்கோடியில் இருக்கிறது. சீசாப் பலகையில் நுனியில் உட்காருகிறவனுக்குத்தானே ஆட்டம் அதிகம், அதே கணக்கு. சின்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தொல்லை அரிதாம், அதற்கு மேல்தான் அதிகம் என்று எங்கள் குழந்தை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். 2 வயது ஆகாத குழந்தைக்கு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் ப்ரோமெதசின் மருந்து கொடுக்கவே கூடாது என்றும் எச்சரித்திருந்தார். பெரியவள் மூன்றாவது வாயிலேயே முகம் வெளுத்துவிட்டாள். அந்தத் தம்பி தட்டை நகர்த்திவிட்டு, உப்பு பிஸ்கட்டும் இஞ்சி போட்ட வெந்நீரும் கொண்டுவந்து வைத்து, "நடுத்தளத்துக்குக் கூட்டிப்போங்கள், வெளியே தூரத்தில் தெரிகிற விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். கணவர் தூக்கிக்கொண்டு போனார். இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. நாங்கள் போட்ட அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில். பால்கனி இல்லாத மலிவு அறைதான், ஆனால் குழந்தைகள் நன்றாகத் தூங்கினார்கள். வெறும் வயிற்றோடு இருந்தால் தலைசுற்றல் கூடும் என்பதால் பிஸ்கட்டும் பொரியும் எப்போதும் என் பையில் இருந்தன. புறப்படும் முன் எல்லாரும் கூடவேண்டிய பாதுகாப்புப் பயிற்சி சரியாகக் குழந்தைகள் பசிக்கிற மாலை நேரத்தில்தான் வந்தது, அப்போதும் அந்தப் பொரிதான் உதவியது.

கோவாவில் இறங்கினோம், கடற்கரை பார்த்தோம், திரும்பினோம். அங்கே சாப்பிட்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. டிக்கெட்டுக்குள் அடங்காத ஐஸ்கிரீம் கடையும் காப்பிக் கடையும் கப்பலில் உண்டு, பெண்ணிடம் முன்பே ஒரு நாளைக்கு ஒன்று என்று பேசி வைத்திருந்தோம்.

என் மதிப்பெண்: முதல் ராத்திரிக்கு 10-க்கு 3, மற்ற நாட்களுக்கு 8. குறைத்த இரண்டில் ஒன்று தர்பூசணிக்கு. இன்னொன்று, பாட்டில் கழுவச் சூடான தண்ணீர் கேட்டால் ஒவ்வொரு தடவையும் அரைமணி ஆனதற்கு.

கடைசிக் காலையில் ஒரு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். அதில் இரண்டு வரி எழுதினேன். 6 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் குடும்பங்களுக்குக் கேட்காமலேயே முதல் பந்தி போடுங்கள். எங்கள் மேசைத் தம்பிக்கு நன்றி சொல்லுங்கள். படிவத்தைக் கொடுக்கப் போனபோது அவர் காலைப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். பையன் அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, "பயம், பயம்" என்றான். வாழைப்பழத்தை அவன் அப்படித்தான் சொல்வான். அவர் ஒன்றை உரித்துக் கையில் கொடுத்தார். டாக்சியில் செம்பூர் வரும்வரை பையன் அந்தத் தோலை விடவில்லை.