உயிர் உரம்: பாக்கெட் பவுடரா, பாட்டில் திரவமா?

எங்க டெல்டா பக்கம் குறுவைக்கு நாத்து விடற நேரம் வந்தாலே வேளாண் டெப்போல அசோஸ்பைரில்லம்ங்கற உயிர் உரத்த பவுடர் பாக்கெட்டா வாங்கறதா, திரவ பாட்டிலா வாங்கறதான்னு பேச்சு வந்துடும். நான் நெல்லுக்கு முழுசா திரவத்துக்கு மாறிட்டேன். பவுடர விதைநேர்த்திக்கு மட்டும் வச்சிருக்கேன். ஏன்னு சொல்றேன்.

ரெண்டுலயும் உள்ள இருக்கறது ஒரே பாக்டீரியாதான். அசோஸ்பைரில்லம் காத்துல இருக்கற நைட்ரஜன வேர்கிட்ட பிடிச்சுக் குடுக்கும், கூடவே வேர் நல்லா கிளைக்கறதுக்கான ஹார்மோனும் சுரக்கும். இன்னொரு உயிர் உரமான பாஸ்போபாக்டீரியா மண்ணுல கட்டிக் கிடக்கற மணிச்சத்த (பாஸ்பரஸ்) அமிலம் விட்டுக் கரைச்சுக் குடுக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விலையிலயும் பெரிய வித்தியாசம் இல்ல, தூக்கிட்டு வர்றதுக்கு பாட்டில் சுலபம், அவ்வளவுதான்.

விஷயமே வேற இடத்துல இருக்கு. நாம காசு குடுக்கறது உயிருக்கு. நம்ம கைக்கு வர்றப்ப அது உயிரோட இருக்கா இல்லையாங்கறதுதான் மொத்தமும். உரக் கட்டுப்பாட்டு ஆணைல 2006-ல உயிர் உரத்தையும் சேத்து அளவு வச்சாங்க: பவுடர்னா ஒரு கிராமுக்கு குறைஞ்சது 5 கோடி, திரவம்னா ஒரு மில்லிக்கு 10 கோடி உயிரணு இருக்கணும். ஃபேக்டரில அது இருக்கும்னே வச்சுக்குவோம், அதுக்கப்புறம் குடோன், லாரி, கடை, நம்ம மோட்டார் கொட்டகைன்னு சித்திரை வைகாசி வெயில்ல அது படற பாட்டுல எவ்வளவு மிஞ்சும்?

பவுடருங்கறது லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) மாதிரி ஒரு பொடில பாக்டீரியா வளர்ப்ப ஊத்திப் பிசைஞ்சு பாக்கெட் போடறது. அந்தப் பொடில 30-லருந்து 40 சதவீதம் ஈரம் இருந்தாதான் உள்ள இருக்கறது பொழைக்கும். பாக்கெட்டப் பிரிச்சு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்க, லேசா உருண்டை பிடிச்சு விரல்ல கருப்பா ஒட்டுச்சுன்னா நல்ல சரக்கு, பிரிச்ச உடனே சிமெண்ட் மூட்டை மாதிரி தூசி பறந்துச்சுன்னா ஈரம் போயிடுச்சு, ஈரம் போச்சுன்னா உயிரும் பெருசா இருக்காது. இன்னொண்ணு, லிக்னைட்ட முழுசா ஸ்டெரிலைஸ் பண்றது கஷ்டம், கொஞ்சம் வேற கிருமி தங்கிட்டா அதுவும் கூடவே பெருகி நம்ம பாக்டீரியாவோட இடத்தப் பிடிச்சுக்கும். அதனாலதான் பவுடருக்கு பொதுவா 6 மாசம்தான் கெடு போடறாங்க.

திரவத்துல காயற பிரச்சனையே கிடையாது. கிளிசரால் மாதிரி பாதுகாக்கற பொருள் சேத்து, பாக்டீரியாவ தூங்கற நிலைக்குக் கொண்டுபோய் அடைச்சிருப்பாங்க, அதனால ஒரு வருஷம் வரைக்கும் கெடு வரும், சூட்டையும் பவுடர விட நல்லா தாங்கும். வேற கிருமி புகுந்து கெட்டுப்போச்சுன்னா மூடியத் திறந்ததும் வர்ற அழுகின வாடையே பல சமயம் காட்டிக் குடுத்துடும்.

இதுக்கு ஏன் இவ்வளவு நீட்டறேன்னு கேக்கலாம். உளுந்து கடலைக்குப் போடற ரைசோபியம்னா வேலை செஞ்சுதா இல்லையான்னு நாமளே பாத்துடலாம், விதைச்சு ஒரு மாசத்துல செடிய மண்ணோட பேத்து அலசி, வேர் முடிச்ச நகத்தால கிள்ளினா உள்ள ரோஸ் கலர்ல இருக்கணும். வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா அந்த முடிச்சு சத்து பிடிக்கல. அசோஸ்பைரில்லத்துக்கு அப்படி முடிச்சே கிடையாது, நெல்லு வேரப் புடுங்கி எவ்வளவு நேரம் பாத்தாலும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. செத்துப்போன பாக்கெட்டப் போட்டிருந்தாலும் யூரியா போட்டதுல பயிர் பச்சையாதான் நிக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. கண்ணால சரிபாக்க முடியாத பொருள வாங்கறப்ப எது ரொம்ப நாள் தாங்குமோ அத வாங்கறதுதான் எனக்கு நியாயமா படுது.

எல்லா பாக்டீரியாவுக்கும் இதே கணக்கு இல்ல. பேசில்லஸ் வகை ஸ்போர்ங்கற கெட்டியான கூடு கட்டிக்கிட்டு தூங்கும், காயறது சூடு ரெண்டையும் தாங்கும், அதனால பயிர் நோயத் தடுக்கப் போடற பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ்ல வர்ற பாஸ்போபாக்டீரியா எல்லாம் பவுடர்லயே வாங்கலாம், பயமில்ல. அதே மாதிரி நோய்க்குப் போடற சூடோமோனாஸுக்கு அந்த ஸ்போர் கிடையாது, அத டால்க் பவுடர்ல வாங்கினா தயாரிச்ச தேதிய கண்டிப்பா பாருங்க.

பவுடர் ஜெயிக்கற இடம் விதைநேர்த்தி. ஆறின அரிசிக்கஞ்சில கலந்து உளுந்துல பிசறினா நல்லா ஒட்டிக்கும், நிழல்ல அரைமணி நேரம் உலத்தினா போதும், நெல் அறுப்புக்கு முன்னாடி வயல் மண்ணு மெழுகு மாதிரி ஈரப் பதத்துல இருக்கறப்ப விதைச்சுத் தெளிக்கறதுக்கு ரெடி. கடலைக்கு ஈரம் கூடினா தோல் கழண்டுடும், அதனால திரவத்த நான் நிலக்கடலை விதைல தொடவே மாட்டேன். மக்கின எருவோட கலந்து வீசறதுக்கும் பவுடர் தோதுதான், ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட் 10, கூட 25 கிலோ எரு, 25 கிலோ மண்ணுன்னு வேளாண் பல்கலைக்கழக சிபாரிசு. வீசினப்புறம் வயல்ல தண்ணிய ஓட விடாதீங்க, அம்புட்டும் பக்கத்து வயலுக்குப் போயிடும்.

நடவுக்கு ஆள் வச்சு நடறவங்க நாத்துக் கட்டோட வேர உயிர் உரக் கரைசல்ல 15-லருந்து 30 நிமிஷம் நனைச்சு வைக்கறதுக்கு ரெண்டுமே சரி. மெஷின் நடவுன்னா பாய் மாதிரி ஒண்ணா வளர்த்த பாய் நாத்துல வேர நனைக்க வழியில்ல, பூவாளில திரவத்தக் கலந்து தெளிச்சுடலாம். சொட்டுநீர் போட்டிருக்கறவங்களுக்கு யோசனையே வேண்டாம், பவுடர் அடைச்சுக்கும், திரவம்தான். ஆனா என் வயல் ஆத்துப் பாசனம், மானாவாரில ரெண்டும் எப்படி நிக்கும்னு நான் போட்டுப் பாத்ததில்ல, அங்க விவசாயம் பண்றவங்க சொன்னா நல்லாருக்கும்.

எத வாங்கினாலும் தயாரிச்ச தேதியப் படிச்சு புதுசா கேட்டு வாங்குங்க, வீட்டுல வெயில் படாத இடத்துல வைங்க. யூரியா, டிஏபியோட ஒரே கூடைல கலக்காதீங்க. விதைக்கு பூஞ்சான மருந்து போடறதா இருந்தா அத முதல்ல முடிச்சு ஒரு நாள் விட்டு, விதைக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி கடைசியா உயிர் உரத்தப் பிசறுங்க.