சுங்கை சிப்புட்டில் ஆறு வாரம், கையில் இரண்டு மருந்துப் போத்தல்

போன தீபாவளிக்கு மலேசியாவில் இருக்கும் என் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனபோது அம்மாவுக்கு வாங்கிய சாக்லெட், அண்ணிக்கு வாங்கிய வாசனைப் பொருள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. இரண்டு மருந்துப் போத்தல் மட்டும் கைப்பையில். ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் சி-க்கான மருந்து. சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், வெல்பட்டாஸ்விர் 100 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளைக்கு ஒன்று, மொத்தம் 12 வாரம். நாலு வாரம் முடிந்த கையோடு விமானம் ஏறினேன்.

நான் பெர்த்தில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2016 மார்ச்சிலிருந்தே இந்த வகை மருந்துகளுக்கு அரசு மானியம் உண்டு, அதனால் காசு பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னவென்றால் எனக்கு இந்த நோய் இருப்பதே பல வருஷம் தெரியாது. சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருக்கிறதே என்று டாக்டர் துருவியதில் வெளியே வந்தது. எப்போது தொற்றியிருக்கும் என்று கேட்டார். எதைச் சொல்வது? சின்ன வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஒரே கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் குத்துவார். பதினாறு வயதில் மோட்டோவில் விழுந்து இரத்தம் ஏற்றினார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-இல்தான், என் விபத்து அதற்கு மூன்று வருஷம் முன்னால், அப்போது இரத்தத்தில் யார் எதைச் சோதித்திருக்க முடியும்? இரண்டில் ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.

பயணத்துக்கு நான் செய்தது கொஞ்சம்தான். மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாமல் பெயர் ஒட்டிய போத்தலோடே எடுத்துக்கொண்டேன், டாக்டர் கடிதம் ஒன்று. ஆறு வாரத்துக்கு 42 மாத்திரை போதும், ஆனாலும் 56 கொண்டுபோனேன். விமானம் தாமதமானால் ஊரில் போய் யாரிடம் கேட்பது? விமான நிலையத்தில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பெர்த்துக்கும் மலேசியாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான், இரவு எட்டு மணி அங்கேயும் எட்டு மணி. லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. கவனிக்க வேண்டியது வெயில். இந்த மருந்தை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். இரயிலை விட்டு இறங்கியதும் அண்ணன் ரொட்டி சானாய் சாப்பிடலாம் என்று காடியை வெயிலில் நிறுத்தினார், நான் பையைத் தூக்கிக்கொண்டே இறங்கினேன். "உள்ளே என்னடா, தங்கமா?" என்றார்.

அன்று இரவே அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் எனக்கென்று ஒரு எவர்சில்வர் குவளை தனியாக ஜன்னலோரம் வந்துவிட்டது. இது இரத்தத்தில் பரவுகிற நோய், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே குவளையில் குடித்தால், கட்டிப்பிடித்தால் ஒட்டாது, பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, ஊசி இவற்றில்தான் ஜாக்கிரதை என்று சொன்னேன். "சரிய்யா" என்றார், குவளை அங்கேயே இருந்தது. ஆனால் சவரக் கத்தி என்றதும் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காலத்தில் அப்பாவின் ஒரே ரேசரில்தான் நாங்கள் இரண்டு பேரும் மீசை எடுத்தோம். அதே டிரஸ்ஸர், அதே ஊசி வேறு.

தீபாவளி அன்று இரவு மாத்திரை மறந்துபோனது. வீடு நிறைய ஆள், மச்சான் பீர் ஊற்றிக்கொண்டு வருகிறார் (நான் குடிக்கவில்லை, ஈரலைக் காப்பாற்ற மருந்து சாப்பிட்டுக்கொண்டே அதன்மேல் ஊற்றுவது எந்த நியாயம்), எட்டு மணி எப்போது போனதென்றே தெரியாது. காலை ஏழு மணிக்கு ஞாபகம் வந்தது. 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுக்கொண்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம், அதற்கு மேல் ஆனால் அதை விட்டுவிட வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் இரண்டாகப் போடக்கூடாது என்று பெர்த் நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். பதினோரு மணி நேரம்தான், தப்பித்தேன்.

தப்பிக்காத இடம் அடுத்தது. முறுக்கும் ஆட்டுக்கறியும் நாலு நாள் தொடர்ந்ததில் நெஞ்செரிச்சல், வயிறு பிடித்துக்கொண்டது. பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். கவுன்டரில் உட்கார்ந்திருந்தது என் பள்ளித் தோழனின் மகள். "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா அங்கிள்?" என்று கேட்டது. இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு வெட்கம்தான். ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்ற ஒரே பயம். டாக்டரும் கேட்கவில்லை, மூன்று நிமிஷத்தில் காஸ்திரிக் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கையில் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம், மேலே "காஸ்திரிக், சாப்பாட்டுக்கு முன்" என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்துப் பெயர் இல்லை. பெயர் எழுதாமல் மருந்து கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனால் பொய் சொன்னவன் ரொம்பக் கோபப்படவும் முடியாது.

இரண்டு நாள் விழுங்கிய பிறகுதான் உறைத்தது. ஈப்போவுக்குப் போனபோது ஒரு மருந்துக்கடையில் அந்தக் காப்ஸ்யூலைக் காட்டினேன். ஒமெப்ரசோல். வெல்பட்டாஸ்விர் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், ஒமெப்ரசோல் அந்த அமிலத்தையே கட்டிவிடும், அப்புறம் வைரஸ் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். பெர்த்துக்குப் போன் போட்டேன். அதை நிறுத்துங்கள், எரிச்சலுக்குச் சாதாரண ஆன்டாசிட் போதும், அதையும் மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள் என்றார்கள். வைரஸ் மருந்து தன்னளவில் சாதுதான். எனக்குக் கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இதே நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆபத்து வருவது அதோடு கூடச் சேர்கிற வேறு ஏதோ ஒன்றால், அதை நாம் சொல்லாமல் மறைப்பதால்.

அந்தச் சூட்டோடுதான் அண்ணனை அரசு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். காலை ஏழரைக்கே நம்பர் எடுத்துவிட்டோம், ஐசியை (அடையாள அட்டை) காட்டி ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினார், பிறகு காத்திருத்தல், அது எங்கேயும் உள்ளதுதான். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முடிவு: எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து மிஸ்ஸியே (நர்ஸ்) தேற்றினார். உடம்பு எப்போதோ வைரஸைச் சந்தித்ததற்கு அது அடையாளம் மட்டும்தான், சிலருக்கு வைரஸ் தானாகவே போயிருக்கும், இப்போது இருக்கிறதா என்று பார்க்க ஆர்என்ஏ சோதனை வேண்டும் என்றார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அதன் முடிவு வரும்வரை அண்ணன் வீட்டில் ஒரு வாய்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது, வைரஸ் இருந்தது.

மருந்துக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் முதல் கேள்வி. ஒன்றும் ஆகாது. 2017-இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி சோஃபோஸ்புவிரின் மலிவுப் பதிப்பை வரவழைத்தது, 2018-இலிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து 2021-இல் மலேசியாவில்தான் பதிவு செய்தார்கள். இதையெல்லாம் நான் பெர்த்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன், ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மருந்தகத்தில் இருந்த மலாய்ப் பெண். மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் அண்ணனை உட்கார வைத்து "ஊபாட் லாயின் அடா?" என்று ஒரு தடவை இல்லை, நாலு தடவை கேட்டார். வேறு மருந்து உண்டா? இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்று அண்ணன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டிப் பார்த்தார். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் உண்டா, வலிப்புக்கு மாத்திரை உண்டா, காசநோய் மருந்து உண்டா என்று கேட்டார். முதலாவது சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் இதயத் துடிப்பே ஆபத்தாகக் குறைந்துவிடலாம், மற்ற இரண்டில் சில மருந்துகள் வைரஸ் மருந்தின் பலத்தைக் குறைத்துவிடும். வைரஸ் போகப் போகச் சர்க்கரையும் இறங்கலாம், அடிக்கடி குத்திப் பாருங்கள் என்றார். ஹெபடைட்டிஸ் பி சோதனையை டாக்டர் முன்பே எடுத்திருந்தார், ஏனென்றால் சி போகும்போது ஒளிந்திருக்கும் பி தலைதூக்கலாம். ஈரல் சுருங்கியிருக்கிறதா என்றும் பார்த்திருந்தார்கள், இல்லை, அதனால் 12 வாரம் போதும்.

நாலாவது தடவை கேட்டபோதுதான் அண்ணன் மெல்ல வாயைத் திறந்தார். ஈரலுக்கு நல்லதென்று யாரோ விற்ற ஒரு பொடி, மாதம் எண்பது வெள்ளி, உள்ளே என்னவென்று தெரியாது. கீழாநெல்லியாக இருக்கும் என்றார். அந்தப் பெண் திட்டவில்லை. தெரியாத பொடி வேண்டாம், 12 வாரம் இதை மட்டும் சாப்பிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் என் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன், நெஞ்செரிச்சல் கதையையும் சொன்னேன். வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணனுக்கு இரண்டு மாத்திரை, சோஃபோஸ்புவிரும் டக்ளட்டாஸ்விரும். நான் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் ஆரம்பித்தார். அவரும் இரவு எட்டு மணிதான். நான் பெர்த்துக்கு வந்த பிறகு தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வந்து, நாக்கை நீட்டி, விழுங்கியாகிவிட்டது என்று காட்டுவார். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த சோதனை எனக்கு மார்ச்சில் வந்தது, வைரஸ் இல்லை. எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும், ஆனால் அது பாதுகாப்பில்லை, மறுபடி தொற்றலாம். அண்ணனுக்கு மே மாதம் இரத்தம் எடுப்பார்கள். அம்மா அந்த எவர்சில்வர் குவளையை இன்னும் ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறாராம், அண்ணன் மாத்திரைக்கு அதில்தான் தண்ணீர் குடித்தாராம்.