அல்சூரில் அத்தைக்குக் கிடைத்த காற்றுக் கையுறை

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன அத்தையைப் பார்க்கத்தான் இம்முறை டொராண்டோவிலிருந்து பெங்களூரு வந்தேன். அல்சூர் வீட்டருகே உள்ள பிசியோதெரபி மையத்தில், முடங்கிய விரல்களை மடக்கி நிமிர்த்தும் மென் ரோபோ கையுறை இருப்பதாகச் சொன்னார்கள். ஆவலோடு நானும் கூடப் போனேன்.

கையுறையின் மேற்புறத்தில், விரலுக்கு ஒன்றாக மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய். சிறிய பெட்டியிலுள்ள பம்ப் காற்றை ஏற்றினால் மடிப்புகள் விரிந்து விரல் வளைகிறது, உறிஞ்சினால் நிமிர்கிறது. இரும்புச் சட்டம் எதுவும் விரலைப் பிடித்து இழுப்பதில்லை. விறைத்த விரல் முரண்டு பிடித்தால் காற்று சற்று விட்டுக்கொடுக்கிறது. அத்தை முகம் சுளிக்கவே இல்லை.

இதன் வேர் பழையது. போலியோ தாக்கிய தன் மகளின் கைக்காக, காற்றடைத்தால் சுருங்கும் செயற்கைத் தசையை 1950களில் உருவாக்கினார் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன். பின்னல் உறைக்குள் ஒரு ரப்பர்ப் பை, அவ்வளவுதான். 2017இல் ஹார்வர்டு, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், இதே போன்ற காற்றுத் தசைகளால் இதயத்தைச் சுற்றி அணைத்து அழுத்திவிடும் மென் உறையைப் பன்றிகளிடம் சோதித்துக் காட்டினார்கள்.

ஆனால் என் மனத்தில் நின்றவர் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்தான். கிருஷ்ணகிரிக்காரர். வளையலைக் கழற்றி, வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவி உள்ளே நுழைத்தபடியே, “அம்மா, மிஷின் மடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்களும் சேர்ந்து மடக்குங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முழு உண்மை அது. தானாக முயன்று, திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை அந்த அசைவை மறுபடி கற்கும். பிறகு இடது கையில், விரலசைவை அறியும் உணரி பொருத்திய கையுறையை மாட்டினார். அத்தை இடது கையை மூடியதும் வலது கையும் மூடியது. “என் கைதானா?” என்றார் அத்தை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே அளவுக் கையுறைதான் இருக்கிறது. அத்தையின் விரல்கள் சின்னவை. நுனியில் தொளதொளத்து, கட்டைவிரல் நழுவிக்கொண்டே இருந்தது. பஞ்சு வைத்துக் கட்டுவதிலேயே பாதி நேரம் போனது. வீட்டுப் பயிற்சிக்கான தாளும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டுமே. அத்தைக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அல்சூரில் இவ்வளவு தமிழர்கள் இருக்கையில் இது சரியே இல்லை.

இணையத்தில் இத்தகைய கையுறைகள் விற்கின்றன. வாங்குமுன் நோயாளியின் கையில் மாட்டிப் பாருங்கள்; கட்டைவிரல் ஒழுங்காக மடங்குகிறதா என்று கவனியுங்கள்; விறைப்பு அதிகமென்றால் சிகிச்சையாளரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். வாடகைக்குக் கொடுத்தால் எத்தனையோ வீடுகளுக்கு உதவும். அந்த மையத்தில் அப்படித் தருவதில்லை. சின்ன அளவுக் கையுறை, தமிழ்த் தாள், வாடகை மூன்றையும் கேட்டு மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.