வாத்தியார்மேல் வரும் காதல்: பிள்ளைகள் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் ஓர் இரவல் புத்தக அலமாரி இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பெண் பிள்ளைகள் அதில் தேடி வருவது காலீன் ஹூவர் எழுதிய ‘ஸ்லாம்ட்’ நாவலை. டிக்டாக்கில் பார்த்துவிட்டு, “டீச்சர், அந்த சிக்கு லவ் ஸ்டோரி இருக்கா?” என்று கேட்பார்கள். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். இருக்கிறது, கொடுக்கவும் செய்கிறேன். கூடாது என்று பூட்டி வைத்தால் போனில் படிக்கப் போகிறார்கள். ஆனால் அதை மட்டும் கொடுத்து அனுப்ப மனம் வருவதில்லை. இதே கருவை எடுத்துக்கொண்ட வேறு மூன்று படைப்புகள் இருக்கின்றன: பாரதிதாசனின் ‘புரட்சிக்கவி’, ஷார்லட் பிராண்டியின் ‘வில்லெட்’, கேட் எலிசபெத் ரஸ்ஸலின் ‘மை டார்க் வனெஸ்ஸா’. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் விரும்பும் நாவல் எந்த இடத்தில் கைவிடுகிறது என்பது நன்றாகவே தெரியும். கதை முடிவுகளையும் சொல்லித்தான் பேசப் போகிறேன்.

ஹூவர் ‘ஸ்லாம்ட்’டை 2012 ஜனவரியில் தாமே வெளியிட்டார். பெரிய பதிப்பகம் அதன் பிறகுதான் வந்தது. அப்பா இறந்தபின் அம்மாவோடும் தம்பியோடும் மிச்சிகனுக்குக் குடிவருகிறாள் 18 வயது லேக்கன். எதிர்வீட்டில் 21 வயது வில். தாய் தந்தையை விபத்தில் இழந்து தம்பியைத் தனியாக வளர்க்கிறவன். இருவருக்கும் பிடித்துப்போகிறது, மேடையில் கவிதை சொல்லும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறான். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பார்த்தால், கவிதை வகுப்பு எடுக்கும் ஆசிரியரே அவன்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு தம்பிகளும் பார்த்த நாளிலேயே ஒட்டிக்கொள்வது அழகாக எழுதப்பட்டிருக்கிறது. பல வளர்ப்பு வீடுகள் மாறி வந்த எடி என்ற தோழி, கதாநாயகியைவிட உயிரோட்டமானவள். மேடைக் கவிதை என்று ஒன்று இருப்பதையே என் மாணவிகளில் சிலர் இந்தப் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். அதற்காக அந்த எழுத்தாளருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஏமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ஆசிரியர்-மாணவி காதல் என்று பெயர் போட்டுக்கொண்டு, அதில் உள்ள முட்களை எழுத்தாளர் ஒவ்வொன்றாக முன்கூட்டியே பிடுங்கிவிடுகிறார். அவளுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. வயது வித்தியாசம் மூன்றே வருடம். வகுப்பறையில் பார்ப்பதற்கு முன்பே காதல் வந்துவிட்டது. மிஞ்சுவது பள்ளியின் வேலை விதி ஒன்றுதான். அந்த வேலையைவிட்டு அவன் நகர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. இடையில் வில் ஒருநாள் நெருங்கி வருகிறான், மறுநாள் விலகிப் போகச் சொல்கிறான். அவளுக்கு மதிப்பெண் போடுகிறவன் அவன். நாவலோ அதை அவனுடைய வேதனையாகவே காட்டுகிறது. அவள் நிலை என்ன, அவனைப் பகைத்துக்கொண்டால் அவள் படிப்பு என்னவாகும் என்று ஒரு பக்கமாவது நின்று யோசிக்க வேண்டாமா?

யோசிக்க விடாமல் மரணங்கள் வந்து நிரப்புகின்றன. அப்பா போய்விட்டார், வில்லின் பெற்றோர் போய்விட்டார்கள், அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த அம்மாவுக்காக எல்லோரும் அழுவார்கள், நானும் அழுதேன். ஆனால் அந்தக் கண்ணீர் காதலின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. “ரொம்ப டச்சிங் டீச்சர்” என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளையிடம் எந்த இடம் என்று கேட்டுப் பாருங்கள். அம்மா வரும் இடத்தைத்தான் சொல்வாள்.

எங்கள் ஊரில் ஆசிரியர் என்றால் யார் என்பதைச் சொன்னால்தான் நான் ஏன் இதில் இவ்வளவு முனைப்பாக இருக்கிறேன் என்பது புரியும். இங்குள்ள பிள்ளைகளில் பலர் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த மரியாதை, தாத்தா பாட்டி வழியாக இன்னும் வீட்டில் இருக்கிறது. அவர் பாடம் நடத்தினார், கடிதம் எழுதிக் கொடுத்தார், கோயில் திருவிழாக் கணக்கும் பார்த்தார். ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்’ என்பதை வெற்றிவேற்கையில் படித்து அறிந்தவர்கள் இல்லை அந்தப் பெரியவர்கள், நேரிலேயே பார்த்தவர்கள். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் அந்த மரியாதை அப்படியே சிக்குவின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு காகிதத்தில் எழுதப்பட்ட அதிகாரமும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்து யாருடைய பேனாவில் இருந்து வருகிறது? ஆசிரியர்களுடைய பேனாவில் இருந்து. ஒரு புள்ளியில் இடம் போகிற ஊரில் பத்து என்பது சின்ன விஷயமில்லை.

சேதி பரவினால் என்ன ஆகும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். காலையில் பள்ளி வாசலில் கிளம்பும் பேச்சு சாயங்காலத்துக்குள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வந்து நிற்கும். வாத்தியாருக்கு மாற்றல் கிடைக்கும். பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அடுத்த மாதம் அவள் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்காக முச்சந்தியில் நிற்பாள். என் காதுக்கு வந்த கதைகள் எல்லாம் இந்த வடிவத்தில்தான் முடிந்திருக்கின்றன. ‘ஸ்லாம்ட்’ எழுதாமல் விட்டது இந்தப் பாதியை.

அந்தப் பாதியை முழுதாக எழுதியது 2020இல் வந்த ‘மை டார்க் வனெஸ்ஸா’. 2000ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு விடுதிப் பள்ளி. வனெஸ்ஸாவுக்கு 15 வயது, ஆங்கில ஆசிரியர் ஸ்ட்ரேனுக்கு 42. ஹூவரின் நாவலில் வரும் அதே பொருட்கள்தான் இங்கேயும்: கவிதை, பாராட்டு, ‘நீ மற்றவர்களைப் போல இல்லை’ என்ற பேச்சு. அங்கே அவை காதலின் அடையாளங்கள், இங்கே வலையின் கண்ணிகள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே வாக்கியம் யார் வாயிலிருந்து, எந்த வயதுப் பெண்ணிடம் வருகிறது என்பதைப் பொறுத்து எப்படித் திரும்புகிறது என்று உடம்பே உணரும். பேச்சு வெளியில் வந்ததும் என்ன நடக்கிறது? தான்தான் பொய் சொன்னதாக எல்லோர் முன்னிலையிலும் வனெஸ்ஸா ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளியை விட்டுப் போகிறவளும் அவளே. ஸ்ட்ரேன் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். மெய்ன் எங்கே, பேராக் எங்கே. ஆனாலும் அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எங்கள் முச்சந்தி பஸ் நிறுத்தம்தான் கண்ணில் வந்தது.

இன்னொன்றையும் ரஸ்ஸல் துணிந்து எழுதியிருக்கிறார். 2017இல் வேறொரு முன்னாள் மாணவி ஸ்ட்ரேன்மீது புகார் சொல்லும்போது, முப்பதைத் தாண்டிய வனெஸ்ஸா அதை ஏற்க மறுக்கிறாள். எனக்கு நடந்தது காதல் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அது காதல் இல்லையென்றால் தன் இளமை முழுக்க என்ன என்ற கேள்விக்கு அவளிடம் பதில் கிடையாது. பாதிக்கப்பட்டவள் உடனே தெளிந்துவிடுவாள் என்று சுலபமாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை, அதனால்தான் இது பெரிய நாவல்.

இதைப் படிவம் நான்கு பிள்ளைக்குக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். சில காட்சிகள் மிகக் கொடூரமாக, மறைவில்லாமல் இருக்கின்றன. பதினெட்டு தாண்டியவர்களுக்கு, அதுவும் படித்து முடித்ததும் உட்கார்ந்து பேச ஒரு பெரியவர் இருந்தால் மட்டும். அம்மாக்களிடம் நான் தயங்காமல் நீட்டுவதும் இதைத்தான். கூடவே ஒரு தகவலையும் சொல்லிவிடுவேன்: 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தொடர்ந்து பேசிப் பழகி பாலியல் நோக்கத்துக்காக வசப்படுத்துவதே மலேசியாவில் குற்றம். குற்றவாளி ஆசிரியர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் என்றால், குற்றத்துக்கான தண்டனைக்கு மேலே ஐந்து ஆண்டு வரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் சேரும். ஹூவர் தன் நாயகிக்கு 18 வயது வைத்தது இப்படிப்பட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் கதையை நிறுத்திவிடுகிறது. என் வகுப்பில் அதைப் படிக்கிறவர்களுக்கோ பதினாறும் பதினேழும்.

சரி, காதலும் வேண்டும், கவிதையும் வேண்டும், வாத்தியாரும் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு? அதற்கு நம்மிடம் ‘புரட்சிக்கவி’ இருக்கிறது. 1937இல் வந்தது. வடமொழிப் பில்கணன் கதையைத் தழுவிப் பாரதிதாசன் எழுதினார். இளவரசி அமுதவல்லிக்குக் கவிதை கற்பிக்க உதாரனை அழைக்கிறான் மன்னன். ஆசிரியன் இளைஞன், அழகன். எனவே ஒரு தந்திரம்: அவன் குருடன் என்று அவளிடமும், அவள் பெருநோய்க்காரி என்று அவனிடமும் சொல்லி, நடுவில் திரை கட்டிவிடுகிறார்கள். ஒரு நிலா நாளில் உதாரன் தன்னை மறந்து நிலவைப் பாடுகிறான். அந்தப் பாட்டைக் கேட்ட அமுதவல்லிக்கு ஒரு சந்தேகம். கண் இல்லாதவன் நிலவை இப்படிப் பாட முடியுமா? திரை விலகுகிறது.

‘ஸ்லாம்ட்’ செய்ய நினைத்ததும் இதுதானே, கவிதை வழியாக இருவர் ஒருவரையொருவர் கண்டுகொள்வது. அங்கே கவிதைகள் மனநிலையை அறிவிக்கின்றன: கோபம் வந்தால் கோபக் கவிதை, துக்கம் வந்தால் துக்கக் கவிதை. இங்கே கவிதை கதையையே நகர்த்துகிறது. பாட்டு நன்றாக இருந்ததனால்தான் பொய் உடைந்தது. இந்த இடத்தை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது ஆங்கில நாவல் ரசிகைகளே போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அதிகாரம் யார் கையில் என்ற கேள்வியையும் பாரதிதாசன் மறைக்கவில்லை. இங்கே அதிகாரம் மாணவி பக்கம். காதல் மன்னனுக்குத் தெரிந்ததும் கழுத்து போகப்போவது வாத்தியாருக்கு. கொலைக்களத்தில் நின்று உதாரன் மக்களைப் பார்த்துப் பேசும் பகுதிதான் எங்கள் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. காடாகவும் விலங்குகள் உலவும் இடமாகவும் கிடந்த மண்ணை ஊராகவும் வயலாகவும் மாற்றியது யாருடைய தோள்கள் என்று கேட்கிறான். காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களின் கொள்ளுப்பேத்திகள் முன்னால் அந்தக் கேள்வியை வாசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை, “இது நம்ம தோட்டத்துக் கதைலா டீச்சர்” என்றாள். பழைய கதையில் கவிஞன் பாட்டுக்கு மயங்கி மன்னன் மன்னிப்பான். பாரதிதாசனிடம் மன்னனின் கருணைக்கு இடமில்லை, மக்களே திரண்டு வந்து மீட்கிறார்கள்.

குறையும் உண்டு. அமுதவல்லி துணிச்சல்காரி, ஆனாலும் அவள் மனத்துக்குள் நீண்ட நேரம் நம்மை உட்கார வைக்கும் எழுத்து இல்லை இது. காவிய வேகத்தில் ஓடிவிடுகிறது. பதினாறு வயதுக்காரி தன்னை அதில் பார்த்துக்கொள்ள, நாவலில் போல நேரம் கிடைப்பதில்லை. அந்த ஒன்றில் ஹூவர்தான் முன்னால் நிற்கிறார். பிள்ளைகள் அவரிடமே திரும்பிப் போவதற்கும் அதுவே காரணம்.

அந்த உள்மனம் வேண்டும் என்பவர்களுக்கு 1853இல் வந்த ‘வில்லெட்’. நீளமானது, மெதுவானது, ஆங்கிலமும் கடினம், எல்லோருக்கும் ஆகாது. யாருமில்லாத லூசி ஸ்னோ அயல்நாட்டுப் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்கிறாள். இலக்கியம் கற்பிக்கும் பால் இமானுவேல் அவளோடு சண்டை பிடிக்கிறார், படிக்க வைக்கிறார், சோதிக்கிறார். கடைசியில் அவர் அவளுக்குக் கொடுப்பது, அவள் சொந்தமாக நடத்த ஒரு சிறு பள்ளிக்கூடம். பின் கடல் கடந்து போகிறார். திரும்பி வரும் வழியில் புயல். அவர் வந்தாரா என்று பிராண்டி வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் லூசி காலூன்றி நிற்கிறாள், அவள் கையில் தொழில் இருக்கிறது.

இதை எழுதியவருக்கே அந்த வலி தெரியும். 1842இல் பிரசல்ஸில் மாணவியாக இருந்த ஷார்லட், மணமாகிக் குழந்தைகளும் இருந்த தன் ஆசிரியர் கான்ஸ்டன்டின் எஜேயிடம் மனம் பறிகொடுத்தார். ஊர் திரும்பியபின் எழுதிய கடிதங்களில் நான்கு மிஞ்சியிருக்கின்றன. கிழித்துப் போடப்பட்டவற்றை ஆசிரியரின் மனைவி எடுத்துத் தைத்து ஒட்டி வைத்தார் என்கிறார்கள். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆசைப்படுவது பாவம் என்று பிராண்டி எந்த இடத்திலும் எழுதவில்லை. ஆசையோடு சேர்த்து அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன மிஞ்ச வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார். வில் கூப்பர் மாதிரி ஒரு சிக்கு வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு இதைவிட மரியாதையான பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

ஆகவே, என் அலமாரியில் இப்போது இரவல் இப்படித்தான் போகிறது. ‘ஸ்லாம்ட்’ கேட்டு வருகிறவளுக்கு அதோடு ‘புரட்சிக்கவி’யும் சேர்ந்துதான் கிடைக்கும், ஒரே உட்காரலில் முடிகிற நீளம் என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. படிவம் ஐந்தின் இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்வை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ‘வில்லெட்’. ‘வனெஸ்ஸா’ மட்டும் அலமாரியில் இல்லை, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்டால் முதலில் வயதைக் கேட்பேன், அப்புறம் அம்மாவும் படிப்பாரா என்று கேட்பேன்.