எல்லைப்புறக் கதைகள்: சிஸ்நேரோஸா, காஸ்டியோவா?

மெக்சிகோ-அமெரிக்கப் பெண் எழுத்துக்குள் எந்த வழியாக நுழைவது? சாண்ட்ரா சிஸ்நேரோஸின் ‘உமன் ஹாலரிங் க்ரீக்’ சிறுகதை (1991 தொகுப்பு) ஒரு வழி. அனா காஸ்டியோவின் ‘மிக்ஸ்கியாவாலா லெட்டர்ஸ்’ நாவல் (1986) இன்னொன்று.

நேரம்
சிஸ்நேரோஸ்: ஒரே அமர்வில் முடியும்.
காஸ்டியோ: தெரேசா தன் தோழி அலிசியாவுக்கு எழுதும் 40 கடிதங்கள். ஒழுங்குக்காரர், அவநம்பிக்கைக்காரர், கனவுக்காரர் என மூவகை வாசகருக்கு மூன்று வரிசைகளை ஆசிரியரே தருகிறார். ஒன்றைப் பிடித்து முடியுங்கள். நடுவில் தாவினால் குழப்பம்தான்.

பயணம்
சிஸ்நேரோஸ்: கிளியோஃபிலாஸ் கல்யாணமாகி டெக்சாஸுக்கு வருகிறாள், அடிதாங்காமல் அப்பா வீட்டுக்குத் திரும்புகிறாள்.
காஸ்டியோ: தெரேசா, அலிசியா இருவரும் ஆண்துணையின்றி மெக்சிகோவில் சுற்றுகிறார்கள். தெரேசாவுக்கு அங்கும் ஊர்க்காரி என்ற உரிமை வாய்ப்பதில்லை.

ஆண் அதிகாரம்
சிஸ்நேரோஸ்: பிறந்தகத்துக்குக் கடிதமோ போனோ கூடாது என்கிற கணவன். கிளியோஃபிலாஸை அழைத்துப்போக வரும் ஃபெலிஸ் என்ற பெண்ணிடம் பிக்கப் வண்டி இருக்கிறது. புருஷனுடையதா? அவளுக்குப் புருஷனே இல்லை. தவணை கட்டுவது அவள்தான். ஓடைப் பாலம் வந்ததும் வாய்விட்டுக் கத்துகிறாள். அந்த ஓடையின் பெயர் ‘லா கிரிதோனா’, கத்துபவள். பலரும் இதை அழுதபடி அலையும் ‘லா யோரோனா’ பேயோடு சேர்த்தே படிப்பார்கள். கதை அந்த அழுகையைக் கூச்சலாகவும் சிரிப்பாகவும் மாற்றுவதைத் தவறவிடாதீர்கள்.
காஸ்டியோ: தனித்த வில்லன் கிடையாது, வழிநெடுகப் பார்வைகள். தோழிகளுக்கிடையிலான பொறாமையும் உண்டு. சொல்வது தெரேசா மட்டும், அலிசியாவின் பதில் நமக்குக் கிடைக்காது.

வகுப்பில் நடத்தவும் வாசகர் வட்டத்தில் ஒரே மாலையில் பேசவும் சிஸ்நேரோஸ். கதைசொல்லலின் வடிவத்தை ஆராய்பவர்களுக்குக் காஸ்டியோ, பொறுமை வேண்டும்.