வேலூர் வெயிலுக்கு எந்த வாழை: ஜி-9 ரகமா, கற்பூரவள்ளியா?

வாழை செழிப்பாக வளர 20 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் அளவுக்கு நீரும் தேவை. வேலூர்ப் பகுதியில் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் சேர்ந்தே சுமார் 1,000 மில்லிமீட்டர்தான் தருகின்றன. அக்கினி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் வழக்கம். குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆகவே குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து உழவர்கள், கோடையில் கிணறு தாங்குமா, குலை தள்ளுவது எந்த மாதத்தில் என்ற இரண்டையும் பார்த்தே ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிராண்ட் நைன் என்ற வாழை ரகத்தின் சுருக்கப் பெயரே ஜி-9. அதன் திசு வளர்ப்புக் கன்று (ஆய்வகத்தில் வளர்த்த கன்று) நட்ட ஏழு மாத அளவில் குலை தள்ளி, 11 அல்லது 12 மாதங்களில் வெட்டுக்கு வந்துவிடும். ஆனி, ஆடியில் நட்டால் தை, மாசியில் குலை தள்ளி, காய் பருக்கும் காலம் முழுவதும் கடும் வெயிலில் அகப்பட்டுக்கொள்கிறது. கோடை மழையோடு வரும் சூறைக்காற்று வீசும்போது, மரம் தன் முழுப் பாரத்தையும் சுமந்து நிற்கிறது. அதே கன்றைத் தை மாதத்தில் நட்டால், கோடையை இளங்கன்றாகக் குறைந்த நீரில் கடந்து, ஆவணியை ஒட்டிக் குலை தள்ளும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் ஆபத்து அப்போதும் உண்டு என்றாலும், மரம் குட்டையானது. சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுப்பதும் எளிது. தை நடவே இங்கு மேல் என்பது என் உறுதியான கருத்து. வளர்ந்த மரத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் நீர் வேண்டும் என்பதால், சொட்டு நீர்ப்பாசனம் இல்லாதவர்கள் இந்த ரகத்தில் இறங்க வேண்டாம்.

கற்பூரவள்ளிக்கு 14 முதல் 16 மாதங்கள் ஆகும். எந்த மாதத்தில் நட்டாலும் ஒரு கோடையை முழுதாகச் சந்தித்தே தீர வேண்டும். ஆனால் வறட்சியைத் தாங்கும் வலிமையில் ஜி-9 அதற்கு ஈடாகாது. ஓரளவு உவர்ப்பான நீரையும் நிலத்தையும் கற்பூரவள்ளி பொறுத்துக்கொள்வது, தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பாலாற்றங்கரை ஊர்களில் மிகப் பெரிய அனுகூலம். உயரமாக வளர்வதால் காற்றில் சாயும் அபாயமும், மண்ணில் தங்கும் பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்கு எளிதில் ஆட்படுவதும் அதன் குறைகள்.

முன்பு வாடல் நோய் கண்ட நிலத்தில் கற்பூரவள்ளியை வைப்பது வீண் செலவு. அத்தகைய நிலத்தில் அந்நோயைத் தாங்கும் பூவன் ரகத்தை வைக்கலாம். அதற்கு இலை வெட்டி விற்கும் வருமானமும் உண்டு. நோயில்லாத நிலமாகவும் நீர் நிச்சயமில்லாத கிணறாகவும் இருந்தால் கற்பூரவள்ளியையே வைக்க வேண்டும். அதிலும் மேற்கே வேலியோரம் சவுக்கோ அகத்தியோ நெருக்கமாக நட்டுக் காற்றைத் தடுத்த பிறகே கன்று ஊன்ற வேண்டும்.